அமலன் போட்டிருந்த சட்டை

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்த முதல் வரியை எழுத எனக்குப் பதினோரு மாதம் ஆகியிருக்கிறது. 'அன்புள்ள' என்று எழுதினேன், அடித்தேன், மறுபடியும் எழுதினேன். இப்போது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு மரியாதை என்று நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் நேரில் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று என்னிடம் இருக்கிறது. மணப்பாட்டுத் திருவிழாவில் நம் அமலன் தொலைந்தானே, அன்றைக்கு அவன் என்ன நிறச் சட்டை போட்டிருந்தான்? நீங்கள் பச்சை என்றீர்கள். நான் மஞ்சள் என்றேன். நாற்பத்தைந்து வருடம் ஓடிவிட்டது. போன மாதம் அந்த நாளின் படத்தை ஸ்கேனரில் வைத்தேன். என்ன தெரிந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்போது பத்து வயது, தம்பி அமலனுக்கு நாலு. தங்கை ரீட்டா கைக்குழந்தை. அவளுக்குக் காய்ச்சல் என்பதால் அம்மா தூத்துக்குடியிலேயே இருந்துவிட்டாள். சரக்குக் கப்பலில் எலெக்ட்ரீஷியனாக இருந்த நீங்கள் விடுமுறைக்கு வந்திருந்தீர்கள். எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினீர்கள்.

திருவிழாவுக்கு ஒரே துணியில் பிள்ளைகள் எல்லாருக்கும் சட்டை தைப்பது நம் வீடுகளில் வழக்கம். அந்த வருடம் பச்சை பாப்ளின். எனக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று. குலசேகரன்பட்டினம் தாண்டும்போது பஸ்ஸில் அமலன் வாந்தி எடுத்தான். மணப்பாட்டில் இறங்கியதும் நீங்கள் கப்பல்கார நண்பர்களோடு பேச நின்றுவிட்டீர்கள். நான் அவனைக் குழாயடிக்குக் கூட்டிப்போய், புதுச் சட்டையைக் கழற்றி அலசி, பையில் அம்மா மாற்றுக்கு வைத்திருந்த பழைய மஞ்சள் சட்டையைப் போட்டுவிட்டேன். ஈரச் சட்டையைப் பாறையில் விரித்துக் கல் வைத்தேன். நீங்கள் வந்தீர்கள். கடலுக்கு முன்னால் எங்கள் இருவரையும் நிறுத்தி ஒரு படம் எடுத்தீர்கள். அவன் சட்டை மாறியதை நீங்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மத்தியானம், "தம்பியப் பிடிச்சுக்கோலே, இந்தா வந்துருதேன்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நீங்கள் திரும்பி வந்தபோது நான் மட்டும் நின்றிருந்தேன்.

மைக் செட் பந்தலில் மைக்கை வாங்கினீர்கள். "நாலு வயசுப் பையன், பேரு அமலன்" என்றீர்கள். அப்புறம் என்னைக் குனிந்து பார்த்தீர்கள். என் சட்டையைப் பார்த்தீர்கள். "பச்சைச் சட்டை போட்டிருக்கான்" என்றீர்கள். நான் உங்கள் கையை இழுத்து, "அப்பா, அவன் மஞ்சளு" என்றேன். கன்னத்தில் அறை விழுந்தது. "பிள்ளையத் தொலைச்சிட்டு நிறஞ் சொல்லுதியோ?" மைக் திறந்தே இருந்தது. அந்த அறையையும் ஊர் முழுக்கக் கேட்டது.

இருட்டும்வரை பச்சை, பச்சை என்றே ஒலிபெருக்கியில் போனது. மறுநாள் காலையில் அவித்த கடலை விற்கும் ஒரு அம்மா உங்களிடம் வந்தாள். "மஞ்சச் சட்டை போட்ட சின்னப் பய ஒருத்தன் பாறைப் பக்கமாப் போனான் அண்ணாச்சி. நீங்க பச்சைன்னு சொன்னிய. அதான் நான் கண்டுக்கல" என்றாள். நீங்கள் தலையை அசைத்தீர்கள். "ரெண்டு பேருக்கும் ஒரே துணில தச்சது. நீ பாத்தது வேற பிள்ள." அதோடு பேச்சு முடிந்தது. கடல் அவனைத் திருப்பித் தரவில்லை.

அன்றே நான் அழுது புரண்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்பதை இத்தனை வருடத்தில் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். பாறையில் விரித்த சட்டை காய்ந்துவிட்டதா என்று பார்க்கத்தான் நான் தம்பியை விட்டுவிட்டுப் போனேன். இரண்டு நிமிடம் இருக்கும். சட்டை அங்கே இல்லை. காற்று கொண்டுபோனதோ, ஆள் கொண்டுபோனதோ. திரும்பி வந்தால் தம்பியும் இல்லை. மஞ்சள் என்று சாதித்தால் இந்த இரண்டு நிமிடத்தையும் சொல்ல வேண்டியிருந்திருக்கும். பத்து வயதில் அதற்கு எனக்குத் தைரியம் இல்லை.

அதன் பிறகு 'கைய விட்ட பய' என்பது என் பெயராயிற்று. நான் எம்.எஸ்ஸி. முடித்துக் கல்லூரியில் பிசிக்ஸ் வாத்தியார் ஆனபிறகும் சொந்தக்காரர்களிடம் அந்தப் பெயர்தான். என் கல்யாணத்தில், மாலை மாற்றி முடித்ததும் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? "இவளையாவது விட்டுராதலே" என்றீர்கள். கோயில் முற்றத்தில் எல்லாரும் சிரித்தார்கள். இரண்டாம் வருடம் அவள் என்னை விட்டுப் போய்விட்டாள். அப்பன் வாக்குப் பலித்துவிட்டது என்று ஊர் பேசியது. அந்தச் சிரிப்பை நான் இன்னும் வைத்திருக்கிறேன். யார் யார் சிரித்தார்கள் என்பதுகூட நினைவிருக்கிறது.

இனி இங்கத்துச் செய்திக்கு வருகிறேன். நீங்கள் போன பின் வரும் முதல் கல்லறைத் திருநாளுக்கு முன்னால் உங்கள் கல்லறையில் கல் பதிக்க வேண்டும் என்று ரீட்டா நிற்கிறாள். உங்கள் படத்தைப் பீங்கான் வில்லையில் அச்சடித்துக் கல்லில் பதிக்கப்போகிறார்கள். பக்கத்திலேயே அமலன் பெயரையும் படத்தையும் போட வேண்டுமாம். அவனுக்குத்தான் கல்லறையே இல்லையே.

"அவன் படம் எங்க இருக்குளா?" என்றேன்.

"அப்பா பீரோல ஸ்லைடுப் பெட்டி ஒண்ணு கெடந்துச்சுண்ணே. மேல மணப்பாடுன்னு எழுதியிருக்காவ. பதினாலு ஸ்லைடு இருக்கு. அதுல ஒண்ணுல நீயும் அவனும் நிக்கிய. அத நீ ஸ்கேன் பண்ணிக் குடு."

"கடையில குடு."

"நிறமெல்லாம் செத்துக் கெடக்கு. கடைக்காரன் பட்டனத் தட்டி அனுப்பிருவான். நீதான பிசிக்ஸ் வாத்தியாரு? நாப்பது வருசமாப் பிள்ளையளுக்கு ஒளியப் பத்திப் பாடம் எடுக்க?"

"முப்பது வருசம்."

"சரி, முப்பது. அவன் முகம் எனக்குத் தெரியாதுண்ணே. ஒழுங்கான நிறத்துல ஒருதடவ பாக்கணும்." பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னாள்: "சட்டை பச்சைன்னு அப்பா சொல்லுவாவ. அத மட்டும் பாத்துக்கோ."

அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் பெட்டியை வாங்கினேன்.

அட்டைச் சட்டத்தில் மாட்டிய அந்தச் சிறு படச்சுருள் துண்டைக் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். வானம் செங்கல் பொடி நிறத்தில் இருந்தது. கடல் ஆறிப்போன தேநீர் மாதிரி. இரண்டு பையன்கள், இரண்டு சட்டைகள், இரண்டும் ஒரே கடுகு மஞ்சள். என் சட்டையும் அவன் சட்டையும் ஒன்றுபோல இருந்தன. நீங்கள்தான் சரியோ? வாந்தி, குழாயடி, மஞ்சள் சட்டை எல்லாமே நான் பின்னால் கட்டிக்கொண்ட கதையோ?

மூடியில் விளக்கு வைத்த ஸ்கேனர் ஒன்று பழையதாக வாங்கினேன். நம் வீட்டு மேசையில் காலையில் துடைத்தால் சாயங்காலத்துக்குள் துறைமுகத்து நிலக்கரித் தூள் படிந்துவிடும். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்தே பாதி நாள் போயிற்று. முதல்முறை மென்பொருள் கேட்டதற்கெல்லாம் சரி என்று தட்டினேன். அது தானாகவே நிறத்தைத் திருத்திக் கொடுத்தது. வானம் நீலமாயிற்று. இரண்டு சட்டையும் பச்சையாயின.

கம்ப்யூட்டரும் உங்கள் கட்சிதான் என்று மூடி வைத்துவிட்டேன். இரண்டு நாள் அந்தப் பக்கம் போகவில்லை.

பிறகு பாடம் எடுக்கிறவனுக்கு இருக்க வேண்டிய புத்தி வந்தது. அந்தத் திருத்தத்துக்கு என்ன தெரியும்? படத்தில் சிவப்பு கூடியிருக்கிறது, எடுத்துவிடு. அவ்வளவுதான். தானாகத் திருத்துவதை எல்லாம் அணைத்தேன். அளந்த நிறக் கட்டங்கள் அச்சான ஒரு பரிசோதனை ஸ்லைடை வரவழைத்தேன். அதை முதலில் ஸ்கேன் செய்து, எந்தக் கட்டம் எவ்வளவு தவறி வருகிறது என்று பார்த்து, அந்தத் தவறைக் கழித்தேன். விளக்கு அரைமணி நேரம் எரிந்து சூடான பிறகே ஒவ்வொரு ஸ்கேனும். முடிவில் கையில் பிடித்தால் தெரிகிற அதே கடுகு நிறம் திரையிலும் வந்தது. ஸ்கேனர் இப்போது பொய் சொல்லவில்லை. ஆனால் படமே மாறிப்போயிருந்ததே, அதற்கு என்ன செய்வது?

ஸ்லைடில் மூன்று சாய அடுக்கு உண்டு. மஞ்சள், மெஜந்தா, சயான் என்கிற நீலம். அந்தக் காலத்துப் படச்சுருளில் இந்தச் சயான்தான் முதலில் போகும். பச்சை என்பது அந்த நீலமும் மஞ்சளும் சேர்ந்தது. நீலம் போனால் பச்சை மஞ்சளாகிவிடும். ஆக, என் பச்சைச் சட்டை கடுகு நிறமாகத் தெரிவதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. அவன் சட்டை? அதுவும் வெளுத்த பச்சையா, இல்லை ஆதியிலிருந்தே மஞ்சளா? போன நீலத்தை எவ்வளவு போனதோ அவ்வளவுதான் ஏற்ற வேண்டும். கூட ஏற்றினால் இரண்டும் பச்சை. குறைவாக ஏற்றினால் இரண்டும் மஞ்சள். நடுவில் ஓர் இடத்தில் என்னுடையது பச்சையாகி, அவனுடையது மஞ்சளாக நின்றது.

அந்த இடத்துக்கு என் விரல் எத்தனை முறை போயிற்று தெரியுமா? வேண்டுமென்று போகவில்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒவ்வொரு முறையும் அங்கேயே போய் நின்றது. மாணவன் ஒருவன் இப்படிச் சோதனை செய்து கொண்டுவந்தால் நோட்டைத் திருப்பி வீசியிருப்பேன். முடிவு என்னவாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவன் கையில் நிறத்தை ஏற்றி இறக்கும் வேலை இருக்கக் கூடாது.

எனவே பெட்டியோடு பால்பாண்டி அண்ணாச்சியிடம் போனேன். ஒரு காலத்தில் கல்யாண ஆல்பம் போட்டவர், இப்போது பாஸ்போர்ட் படம் எடுக்கிறார். படத்தில் இருப்பது நானும் தம்பியும் என்பதற்கு மேல் கதை எதையும் சொல்லவில்லை. ரீட்டாவும் வந்திருந்தாள். அவளையும் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன்.

"சட்டையெல்லாம் என்ன நிறம் சார்?" என்று முதலிலேயே கேட்டார்.

"அது தெரியாது அண்ணாச்சி. நீங்கதான் சொல்லணும்."

"சொந்தச் சட்டை நிறம் தெரியாத ஆள இப்பத்தான் பாக்கேன்." சிரித்துக்கொண்டே திரையில் மூக்கை ஒட்டிப் பார்த்தார். "பெரிய பய கைல என்ன, தூக்குச் சட்டியா? அலுமினியமா?"

"ஆமா."

"அப்பச் சரி. அலுமினியம் எந்த ஊர்லயும் அலுமினியந்தான். அதச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டாந்துட்டா மத்ததெல்லாம் பின்னாலயே வரும். நம்ம ஒரு சட்டையயும் தொட வேண்டாம்."

முப்பது வருடம் பாடம் எடுத்தவனுக்கு அந்தச் சட்டி கண்ணில் படவில்லை. சட்டையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் வேலையை ஆரம்பித்தார். ஓரத்தில் உடைகிற அலை நுரை வெள்ளையாயிற்று. பாறை நிழல் கறுப்பாயிற்று. ஆனால் நாங்கள் நிற்கிற நடுப்பகுதி மட்டும் சிவந்தே கிடந்தது. சட்டி இன்னும் செம்புப் பாத்திரம் மாதிரி. அவர் கையை எடுத்துவிட்டார். பெட்டியிலிருந்த மற்றப் பதின்மூன்று ஸ்லைடுகளையும் விளக்குப் பலகையில் பரப்பிப் பார்த்தார். ஒன்றிலும் அப்படி இல்லை.

"இது சும்மா வெளுத்ததில்ல சார். நடுவுல வட்டமா வெந்திருக்கு பாருங்க. ப்ரொஜெக்டர் விளக்குச் சூடு. மத்ததெல்லாம் பெட்டிக்குள்ளயே தூங்கிருக்கு. இத மட்டும் யாரோ போட்டுப் பாத்திருக்காவ."

"எப்பவாவது போட்டிருப்பாங்க" என்றேன்.

"எப்பவாவது போட்டா இப்படி ஆகாது. ஒரே படத்தப் போட்டு விளக்க அணைக்காம உக்காந்திருக்கணும். ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, வருசக்கணக்கா."

ரீட்டா அந்த ஸ்லைடைக் குனிந்து பார்த்தாள். "மத்தியானம்" என்றாள். பிறகு சொன்னாள். "கப்பல்ல இருந்து நின்னு வந்த பெறகு, அப்பா சாப்புட்டுட்டு உள்ரூம் கதவச் சாத்திக்கிடுவாவ. ஜன்னலயும் சாத்திருவாவ. உள்ள என்னமோ ஓடுற சத்தம் கேக்கும். பழைய மெஷினு ரிப்பேர் பாக்காவளா, தொந்தரவு பண்ணாதன்னு அம்மா சொல்லுவா."

அப்போது நான் வெளியூர்க் கல்லூரியில் இருந்தேன். வருடத்துக்கு இரண்டு முறை வருவேன். சாத்திய அந்தக் கதவு எனக்கும் தெரியும். நான் வந்திருப்பதால்தான் சாத்துகிறீர்கள் என்று நினைத்துப் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறேன்.

அண்ணாச்சிக்கு இது எதுவும் புரியவில்லை. வெந்த வட்டத்தைத் தனியே பிரித்து, அதற்குள் மட்டும் நீலத்தை ஏற்றினார். கொஞ்சம் கொஞ்சமாக. அவர் கண் சட்டியில் இருந்தது. என் கண்ணை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. சுவரில் ஒட்டியிருந்த பாஸ்போர்ட் முகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ம். சட்டி வந்துட்டு" என்றார். "இப்பப் பாருங்க. பெரியவனுக்குப் பச்சை. சின்னவனுக்கு மஞ்சள். சரியா சார்?"

என் சட்டை பச்சை என்பதில் நமக்குள் எப்போதும் சண்டை இல்லை. அதை யாரும் சொல்லாமலே பச்சையாக வந்துவிட்டது. அப்படியென்றால் திருத்தம் சரி. அதே திருத்தத்தில், ஒரு கை நீளத் தூரத்தில், அமலன் சட்டை மஞ்சளாக நின்றது. பொத்தான் ஒன்று இல்லாத பழைய மஞ்சள் சட்டை.

ரீட்டாதான் பேசினாள். "அப்ப மைக்குல அப்பா பச்சைன்னுல்லா சொன்னாவளாம்."

"ஆமா."

"நீ சொல்லலியாண்ணே?"

"சொன்னேன்."

"பெறகு?"

"அறைஞ்சாவ. அது மைக்குல கேட்டுச்சு."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "என்ட்டயாவது சொல்லியிருக்கலாம்லா. எத்தன வருசம்."

"யாருளா நம்பியிருப்பா? நீயே பச்சைய மட்டும் பாத்துக்கோன்னுதான சொன்ன?"

அவளிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. எனக்கு இப்படித்தான் வருகிறது. நேராக அடிக்க வேண்டியவர் போய்விட்டார். பக்கத்தில் நிற்கிறவர்கள் மேல் விழுகிறது.

அன்று வீட்டுக்கு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தேன். அடுத்த கப்பலில் ஏறி, ஏதோ ஒரு துறைமுகத்தில் அந்தச் சுருளைக் கழுவக் கொடுத்து வாங்கினீர்கள். அப்போது நிறமெல்லாம் புதிதாக இருந்திருக்கும். ஸ்கேனரும் தேவைப்பட்டிருக்காது, பிசிக்ஸும் தேவைப்பட்டிருக்காது. பார்த்த நொடியே தெரிந்திருக்கும். கேமராக் கண்ணில் பார்த்து நீங்களே எடுத்த படம். எடுத்தபோது கவனிக்காததை அப்போது கவனித்திருப்பீர்கள். கடலை விற்ற அம்மாவுக்கு நீங்கள் சொன்ன பதிலும் ஞாபகம் வந்திருக்கும்.

அப்புறம் ஏன் சொல்லவில்லை அப்பா? ஊருக்குச் சொல்ல வேண்டாம். எனக்கு ஒரு வரி எழுதியிருக்கலாமே. எந்தத் துறைமுகத்திலும் தபால்பெட்டி இருக்கும். என் கல்யாணத்தில் அந்த வார்த்தையைச் சொன்னபோது உங்களுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டேதான் சொன்னீர்கள். சிரிப்பு அடங்கும்வரை நீங்களும் சிரித்தீர்கள். அதை நான் எந்தப் பக்கம் வைத்துப் பார்ப்பது?

அதே மனிதர்தான் மத்தியானம் தோறும் கதவைச் சாத்திக்கொண்டு, சாயம் வேகும் அளவுக்கு அந்த ஒரே படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். உங்கள் கப்பல் வாழ்க்கை முழுவதும் விளக்கும் கம்பியும்தான். விளக்கில் வைத்தால் படம் அழியும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படியும் வைத்தீர்கள். என் சட்டை கண்ணெதிரே பச்சை இழந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டும் ஒரே நிறமாகிற நாள்வரை பார்க்கலாம் என்று இருந்தீர்களா? அல்லது அவன் முகத்தைத்தான் பார்த்தீர்களா? பக்கத்தில் நிற்கிற என்னை ஒரு நாளாவது பார்த்தீர்களா?

இந்தக் கேள்விகளுக்கு எந்தச் சட்டியை வைத்தும் விடை எடுக்க முடியாது. அன்றைக்கு மஞ்சள் என்று சொல்லியிருந்தால் அந்த அம்மா அவனைப் பிடித்து நிறுத்தியிருப்பாளா? அதுவும் தெரியாது. நிறம் தவறியது உங்களால். இரண்டு நிமிடம் விட்டது நான். இரண்டையும் சேர்த்து எழுதிவிட்டேன். இனி ஊர் படிக்கட்டும்.

வில்லைக்கு அமலனை மட்டும் வெட்டி எடுத்துக் கொடுத்துவிட்டேன். சட்டை கொஞ்சம் மங்கலாக இருக்கிறது, பளிச்சென்று ஆக்கவா என்று அச்சடிக்கிறவர் கேட்டார். வேண்டாம் என்றேன். பழைய சட்டைதான் அது, அப்படியே இருக்கட்டும். ரீட்டா அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, காது உங்கள் காது என்கிறாள். பார்த்தேன். அப்படித்தான் இருக்கிறது.

மன்னித்துவிட்டேன் என்று முடிக்கத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை. வராததை எழுதி உங்களை ஏமாற்ற மாட்டேன். வேறு ஒன்றைச் சொல்கிறேன், இதை நிச்சயம் செய்வேன். அந்த ஸ்லைடைக் காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் இழுக்கும் பொட்டலம் போட்டு, கறுப்புத் துணியில் சுற்றி வைத்துவிட்டேன். மீதமிருக்கும் நிறம் அங்கே இருட்டில் கொஞ்ச காலமாவது நிற்கும். நீங்கள் பார்த்தது போதும் அப்பா. இனி யாரும் அதை விளக்கில் வைக்க மாட்டார்கள். நானும் வைக்க மாட்டேன்.

உங்கள் மூத்த மகன்,
அமலனுக்கு அண்ணன்.